இரண்டு அணிகளுக்கும் ஒரே அக்கா

எங்கள் பட்டிமன்றக் குழுவில் யார் எந்த அணியில் பேசுவது என்பதைக் கொள்கை தீர்மானிப்பதில்லை, தொண்டை தீர்மானிக்கிறது. திண்டிவனத்தில் எங்களை ஏற்றிக்கொண்ட வேன் ஊர் எல்லையைத் தாண்டும்போது, ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்திருக்கும் நடுவர் மெல்லக் கழுத்தைத் திருப்புவார். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் அவர். "யாருக்கு இன்னைக்குத் தொண்டை கட்டிக்கினு இருக்குது?" என்று கேட்பார். கட்டிய இருவர் புதிய திரைப்படங்களுக்கு. கட்டாத இருவர் பழைய திரைப்படங்களுக்கு. இதில் ஒரு நியாயம் உண்டு. பழைய படங்களை ஆதரிப்பவன் அடுக்குமொழியின் உச்சியில் ஏறி நின்று முழங்கியாக வேண்டும். புதிய படங்களில் கதாநாயகனே முணுமுணுப்பதால், அவற்றை ஆதரிப்பவனும் முணுமுணுத்துத் தப்பித்துக்கொள்ளலாம்.

"தம்பி, நீ இன்னைக்குப் பழசு," என்று அவர் சொன்னால் அன்று நான் பழசு. அடுத்த வாரம் நான் புதுசு. இருபத்தாறு வயதில் வாரம் ஒரு வயது எனக்கு.

பள்ளிக்காலம் முதல் மேடையில் வளர்ந்தவன் நான். என் குரல் ஒலிபெருக்கியின் உதவியின்றியே கடைசி வரிசையைத் தொடும். எழுவாய் ஒரு மூச்சில், பயனிலை அடுத்த மூச்சில் என்று வாக்கியத்தை நிறுத்திவைத்து, இடையில் கைத்தட்டல் வாங்கத் தெரியும். அடக்கம் கருதி இதை மறைத்தால் பொய் சொன்னவனாவேன். பொய்க்கு இந்தக் கட்டுரையில் வேறு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளாக எங்களுக்குச் சோறு போடும் தலைப்பு இதுதான்: மக்களை நல்வழிப்படுத்துபவை பழைய திரைப்படங்களா, புதிய திரைப்படங்களா? தீர்ப்பு, மேடைக்குப் பின்னால் விழாக் குழுவினர் தரும் தேநீரின்போதே முடிவாகிவிடும். கோயில் திருவிழா என்றால் பழைய படம் வெல்லும். கல்லூரி விழா என்றால் புதிய படம் வெல்லும். ஓய்வூதியர் கூட்டம் என்றால் பழைய படம் வென்று, புதிய படம் மன்னித்து அனுப்பப்படும். நாங்கள் நால்வரும் வியர்த்து வாதாடுவது, ஏற்கெனவே எழுதி முடித்த கடிதத்துக்கு உறை ஒட்டும் வேலை.

இரு பக்கமும் பேசியவனாதலால் இரு பக்கத்து வண்டவாளமும் எனக்குத் தெரியும். பழைய படத்தின் நீதியை எடுத்துக்கொள்ளுங்கள். மாளிகை, நடுவே வளைந்து இறங்கும் படிக்கட்டு, அதில் பட்டு அங்கியோடு இறங்கும் கணவன். பதின்மூன்று ரீல்களுக்கு அவன் குடிக்கலாம், சூதாடலாம், இன்னொருத்தியின் வீட்டில் தங்கலாம். அதுவரை மனைவி துளசி மாடத்தைச் சுற்றிக்கொண்டிருப்பாள். பதினான்காவது ரீலில் அவனுக்கு இருமல் வரும். இருமலோடு ஞானமும் வரும். தவறு செய்யும் உரிமை அவனுக்கு, மன்னிக்கும் கடமை அவளுக்கு. இந்தப் பங்கீட்டுக்குப் பெயர் பண்பாடு. படித்த பெண் ஒருத்தி கதையில் வந்தால், அவள் காரில் வருவாள், கையில் டென்னிஸ் மட்டையோடு வருவாள், வேலைக்காரரை அதட்டுவாள். ஒரு பாட்டும் ஓர் அறையும் முடிந்த பிறகு புடவை கட்டிக் கோலம் போடுவாள். அந்த மட்டை என்ன ஆயிற்று என்று எந்தப் படமும் சொன்னதில்லை.

புதிய படத்தின் நீதியோ, திரையின் கீழ் மூலையில் எறும்பளவு எழுத்தில் ஓடுகிறது. மேலே, இருபது அடி உயரத்துக்குக் கதாநாயகன் மெல்ல மெல்லப் புகைவிடுவான். கீழே, புகைத்தால் உயிர் போகும் என்று அந்த எறும்பு வரிசை சொல்லிக்கொண்டே ஊர்ந்து செல்லும். சேற்றில் கால் வைத்தறியாத ஒருவன் இடைவேளைக்கு முன் நான்கு நிமிடம் விவசாயத்தைப் பற்றிப் பேசி நம்மை அழவைப்பான். இடைவேளைக்குப் பின் அதே விவசாயத்துக்காக அறுபது பேரை வெட்டுவான். ஒரு பெண் மூன்று முறை வேண்டாம் என்பாள்; நான்காவது முறை அது காதலாகும். பெண்ணுரிமையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. கதாநாயகி ஆவேசமாகப் பேசுவாள். பேசி முடித்ததும் கதாநாயகன் எழுந்து நின்று முதலில் கைத்தட்டுவான். அவன் கைத்தட்டிய பிறகுதான் அது உரிமை.

இந்த வண்டவாளங்கள் எதையும் நான் மேடையில் சொன்னதில்லை. மேடையில் பாதிதான் சொல்ல முடியும். எந்தப் பாதி என்பது தொண்டையைப் பொறுத்தது.

இனி ஏழாவது நிமிடத்துக்கு வருகிறேன். பட்டிமன்றப் பேச்சாளருக்கு ஒதுக்கப்படும் நேரம் பத்து நிமிடம். முதல் மூன்று நிமிடம் சிரிப்பு, அடுத்த மூன்று நிமிடம் வாதம். ஏழாவது நிமிடம் தொடங்கியதும் குரலைத் தாழ்த்தி, ஒலிவாங்கியைச் சற்றே நெருங்கி, "எங்கள் வீட்டிலே நடந்த ஒரு சம்பவம், நடுவர் அவர்களே" என்று சொல்ல வேண்டும். பந்தல் அமைதியாகும். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உரிக்கும் கைகள்கூட நிற்கும். அந்தச் சம்பவம் நடந்திருக்க வேண்டும் என்று எங்கள் தொழிலில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. எங்கள் குழுவின் மூத்த பேச்சாளர், தம் தாயாரை நான்கு மேடைகளில் நான்கு நோய்களால் இறக்கவிட்டவர். அந்த அம்மையாரோ மயிலத்தில் நலமாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, மகன் வந்தால் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இறக்கவிடத் துணிவு போதவில்லை. அப்பா ஏற்கெனவே உண்மையாகவே இறந்துவிட்டவர்; அவரைத் தொடக்கூடாது என்று எனக்கே ஒரு வரம்பு வைத்திருந்தேன். அம்மா உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கு வந்து முன்வரிசையில் அமர்பவர். மீதமிருந்தவள் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள், மருந்தாளுநர் படிப்பு முடித்தவள், விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமா அங்கே ஒரு பைக் ஷோரூமில் விற்பனையாளர்.

மயிலத்துக்குப் பக்கத்து ஊர்த் திருவிழாவில் நான் பழசாக இருந்த மாலையில், ஏழாவது நிமிடத்தில் அக்காவை முதன்முறையாக மேடைக்குக் கொண்டுவந்தேன். அவள் கணவனிடம் கோபித்துக்கொண்டு கையில் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாளாம். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு அறையைவிட்டு வெளியே வந்தேனாம். படம் முடிந்தது. "கண்களைத் துடைத்தாள். பெட்டியை எடுத்தாள். விடியற்காலை முதல் பேருந்தில் விழுப்புரம் போய்ச் சேர்ந்தாள், நடுவர் அவர்களே!" கைத்தட்டல் ஓயவில்லை. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். உண்மையில் அந்த வாரம் அக்கா வந்தது அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்குவதற்கு. படம் ஏதும் பார்க்கவில்லை. அன்று முழுதும் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை.

சில வாரம் கழித்து விழுப்புரத்தில் ஒரு கல்லூரி விழா. தொண்டை கட்டியிருந்ததால் நான் புதுசு. அக்கா அந்த மாலையில் வேறு பிறவி எடுத்தாள். புகுந்த வீட்டில் நான்கு மணிக்கு எழுந்து வேலை செய்யும் அவள், ஒரு புதுப் படம் பார்த்தாள். மறுநாள் காலையில் கணவன் முன்னால் தோசைக்கல்லைக் கொண்டுவந்து வைத்தாள். "உங்க பசி, உங்க கை" என்றாள். அன்று முதல் எங்கள் மாமா சுடும் தோசை ஊரே மணக்கிறது. மாணவிகள் நாற்காலிமேல் ஏறி விசிலடித்தார்கள். நடுவர் மணியடிக்க மறந்து சிரித்தார். அது கல்லூரியானதால் புதிய படம் வென்றது.

விழுப்புரத்தில் பேசுகிறோமே, மாமா இருக்கும் ஊராயிற்றே என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பின்னர் பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். விடை எளியது. மேடையில் ஏறியவனுக்கு எதிரில் தெரிவது கூட்டம். கூட்டத்துக்கு ஊர் கிடையாது.

அந்தப் பேச்சை யாரோ செல்போனில் பிடித்து அனுப்ப, அது ஷோரூமுக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டி வாங்க வந்தவர் ஒருவரே மாமாவிடம், "சார், ஆயில் சர்வீஸ் இருக்கட்டும், தோசைக்கு எண்ணெய் எவ்ளோ ஊத்துவீங்க?" என்று கேட்டாராம். உடன் வேலை செய்பவர்கள் அவர் மேசையில் ஒரு கரண்டியை வைத்துவிட்டுப் போனார்களாம். அன்று மாலை வீட்டுக்கு வந்த மாமா, அக்காவைக் கன்னத்தில் அறைந்தார்.

மறுநாள் அக்கா திண்டிவனம் வந்து இறங்கினாள். கையில் பெட்டி இருந்தது. நான் மேடையில் கட்டிய பொய் அப்படியே உயிர்பெற்று, ஆட்டோவுக்குச் சில்லறை கேட்டுக்கொண்டு வாசலில் நின்றது. ஒரு பக்கக் கன்னம் மட்டும் வீங்கியிருந்தது. அது என் கதையில் இல்லாத விவரம்.

"இன்னாடா பாத்துக்கினே நிக்கற? படம் போடலியா?" என்றாள்.

கன்னத்தில் விழுந்த அந்த அறையைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்தேன். எனக்குத் தெரிந்த படங்களையெல்லாம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். பழைய படத்தில் அறை விழுந்ததும் அவள் அவன் காலில் விழுவாள். புதிய படத்தில் அறை விழுந்ததும் இசை நின்று, அவள் அவனை நிமிர்ந்து பார்த்து, மெல்லச் சிரிப்பாள். இரண்டிலும் அதற்குப் பிறகு ஒரு பாட்டு வரும். இத்தனை ஆண்டுகளில் கறுப்பு வெள்ளை வண்ணமாயிற்று, படிக்கட்டு லிஃப்டாயிற்று, பட்டு அங்கி கிழிந்த ஜீன்ஸாயிற்று. இந்த ஓரிடத்தில் மட்டும் இரண்டு அணிகளுக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. நடுவர் தேவைப்படாத ஒரே தலைப்பு.

பத்து நாள் கழித்து மாமாவும் அவருடைய பெரியப்பாவும் வந்தார்கள். பெரியப்பா, அவர்கள் தெருவில் எந்தச் சண்டைக்கும் முதலில் அழைக்கப்படுபவர். அம்மா காபி கொடுத்தார். மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டின் ஆண்பிள்ளை என்ற முறையில் நான் முன்னுரைக்கு ஆயத்தமாகத் தொண்டையைச் செருமினேன்.

"நீ பேச வேணாம் தம்பி," என்றார் பெரியப்பா. "நீதான் ஏற்கனவே பேசிட்டியே. நாம உக்காந்து கேப்போம்." தம் செல்போனைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்தார். அதில் மயிலத்துப் பக்கத்துப் பந்தலும் நானும் தோன்றினோம். "கண்களைத் துடைத்தாள். பெட்டியை எடுத்தாள்…" என் குரல் எங்கள் வீட்டுச் சுவரில் மோதித் திரும்பியது. குரல் அருமையாகத்தான் இருந்தது.

"பாத்தீங்களா சம்பந்தி," என்றார் அம்மாவிடம். "உங்க புள்ளையே சொல்லுது. பொண்ணு கோச்சிக்கினு வந்துச்சு, படத்தப் பாத்துச்சு, போயிடுச்சு. போன தடவ தானா வந்துச்சு. இந்தத் தடவ நாங்களே வந்து கூட்டிக்கினு போறோம். அவ்ளோதான் விஷயம்."

"போன தடவன்னு ஒன்னு கெடையாது பெரிய மாமா," என்றாள் அக்கா. "அது அம்மாவுக்குப் பல்லு புடுங்க வந்தது."

"அப்ப தம்பி பொய் சொல்லுதுன்றியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். "பெரியவர் அவர்களே, மேடை என்பது வாழ்க்கையின்…"

"மேடையெல்லாம் வேணாம்டா," என்றாள் அக்கா. "பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்."

பத்து நிமிடம் பேசச் சொன்னால் பத்து நிமிடமும் தடங்கலின்றிப் பேசக்கூடிய எனக்கு, அந்த ஒரு சொல்லைச் சொல்ல எத்தனை மூச்சு வேண்டியிருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "பொய்தான்," என்றேன்.

பெரியப்பா சிரித்தார். கோபமாகக்கூட இல்லை, செல்லமாகச் சிரித்தார். "இன்னா தம்பி இப்டி பேசற? இதுல பாரு, எத்தினி பேரு கைத்தட்றாங்க. பொய்யிக்கா தட்டுவாங்க? அக்காவுக்காக இப்ப பொய் சொல்ற. பாசம். தப்பில்ல."

பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மை சொன்னபோது அது பாசமாயிற்று. சொற்பொழிவுக் கலையைக் கற்றுத்தரும் எந்த வகுப்பிலும் இந்தப் பாடம் இல்லை.

"சரி, இது பொய்யின்னே வெச்சிக்குவோம். தோசக்கல்லு?"

"அதுவும் பொய்தான் பெரிய மாமா," என்றேன் நான்.

"பொய்யிக்கா என் புள்ள ஷோரூம்ல தல குனிஞ்சிக்கினு நின்னான்?" இப்போது அவர் குரல் ஏறியது. "நாலு பேரு நாலு விதமா கேட்டா ஆம்பள இன்னா பண்ணுவான்? கை நீளத்தான் செய்யும்."

"பொய்யின்னு அவருக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணம் ஆனதிலேந்து அவரு தோசக்கல்லத் தொட்டதில்ல. அது எங்க மாட்டி இருக்குதுன்னுகூடத் தெரியாது. பொய்யின்னு நல்லாத் தெரிஞ்சிதான் அடிச்சாரு."

மாமா மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கவில்லை. பெரியப்பா செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி நல்ல நாள் என்றும், நான்கு பெரியவர்களோடு வந்து அழைத்துப்போவதாகவும் சொன்னார். "ஊரு பூரா இதப் பாத்திருக்குதும்மா. ஊரு எங்க பக்கம். பேஜாரு பண்ணாம ரெடியா இரு," என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் போனதும் அம்மா காபி டம்ளர்களை எடுத்தபடியே மெதுவாகத் தொடங்கினார். "நாலு பேரு வர்றதுக்குள்ள நீயே போயிடேன்டி. ஒரு அறதானே. எந்தப் படத்துல இல்ல?"

"படத்துல ஒரு அறைக்கு அப்புறம் பாட்டு வரும்மா," என்றாள் அக்கா. "இங்க ரெண்டாவது அறதான் வரும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "வர்ற நாலு பெரியவங்களும் அந்த வீடியோவப் பாத்துட்டுதான் வருவாங்க. நீ வீட்ல உக்காந்து பொய்யின்னா எடுபடாதுடா, பாத்த இல்ல? எங்க சொன்னியோ அங்க சொல்லு. மைக்கப் புடிச்சிக்கினு சொல்லு. அப்பதான் அது செல்லுல போவும்."

"அக்கா, குழுவுல அப்புறம் என்னச் சேத்துக்க மாட்டாங்க."

"என்ன அங்க மறுபடியும் சேத்துக்குவாங்களேன்னுதான் எனக்கு பயமா இருக்குது," என்றாள்.

எதிரணியினர் எத்தனையோ பேர் என்னை மடக்கப் பார்த்திருக்கிறார்கள், யாராலும் ஆகவில்லை. இவள் சமையலறைக் கதவில் சாய்ந்தபடி, குரலை உயர்த்தாமல், முடித்துவிட்டாள். திங்கட்கிழமை முதல் அவள் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். அதை யாரிடமும் அவள் அறிவிக்கவில்லை.

அந்தக் குறிக்கப்பட்ட வெள்ளிக்கு முன்னால் எங்களுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி இருந்தது: பனமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் திருவிழா. அறுவடை முடிந்த வயலில் பந்தல் போட்டிருந்தார்கள். வேனில் நடுவர் வழக்கம்போலக் கழுத்தைத் திருப்பினார். "தம்பி, நீ பழசு. கமிட்டிக்காரங்க போன் பண்ணிச் சொல்லிட்டாங்க, அந்த அக்கா கதைய மறந்துடாதேன்னு. பொம்பளைங்க அதுக்காகவே ஜல்தியா வந்து எடம் புடிச்சிக்கினு உக்காந்திருக்காங்களாம்."

முதல் ஆறு நிமிடத்தை எப்படிப் பேசினேன் என்று நினைவில்லை. சிரித்தார்கள், அது தெரியும். ஏழாவது நிமிடம் வந்ததும் குரல் தானாகவே தாழ்ந்தது, பழக்கம் அப்படி. "எங்கள் வீட்டிலே நடந்த ஒரு சம்பவம், நடுவர் அவர்களே." பந்தல் அமைதியாயிற்று. ஏழெட்டுச் செல்போன்கள் உயர்ந்தன.

"என் அக்கா பெட்டியோடு வந்ததாகவும், பழைய படம் பார்த்துத் திரும்பிப் போனதாகவும் சில மேடைகளில் சொன்னேன். அது பொய். கணவர் கையில் தோசைக்கல்லைக் கொடுத்ததாக விழுப்புரத்தில் சொன்னேன். அதுவும் பொய். அந்த இரண்டாவது பொய்யைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். அதனால் என் அக்காவுக்கு அடி விழுந்தது. இப்போது அவள் உண்மையாகவே எங்கள் வீட்டில் இருக்கிறாள்."

எதுகையில்லை, மோனையில்லை. இவ்வளவு மோசமான உரையை என் வாழ்நாளில் ஆற்றியதில்லை. கூட்டம் காத்திருந்தது, இதன் முடிவில் ஒரு திருப்பம் இருக்கும், சிரிப்பதா அழுவதா என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தது. நான் சொல்லவில்லை. என்னிடம் அதற்குமேல் ஏதும் இல்லை.

முன்வரிசையில் மடியில் குழந்தையைக் கிடத்தியிருந்த ஒரு பெண்மணி, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல இயல்பாகக் கேட்டார்: "அப்ப அனுப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"அனுப்பாதீங்க," என்றார். பக்கத்திலிருந்தவர், "அவன் வந்து இன்னா சொல்றான்னு பாக்கணும் இல்ல?" என்றார். "வந்து சொல்லட்டுமே, யாரு வேணான்னாங்க? அடிச்சவன்தான் பஸ் ஏறி வரணும்," என்றார் முதலாமவர். பின்னாலிருந்து ஒருவர், "யம்மா, பட்டிமன்றம் மேடையிலயா, கீழயா?" என்று கத்த, பந்தல் சிரித்தது. நடுவர் மணியை மூன்று முறை அடித்தார். எழுந்து, தம்பி நாடகப் பாணியில் ஒரு புதுமை செய்திருக்கிறார் என்று கூட்டத்துக்கு விளக்கினார். கூட்டம் நிம்மதியடைந்து கைத்தட்டியது. அன்றும் பழைய படங்களே மக்களை நல்வழிப்படுத்துகின்றன என்று தீர்ப்பாயிற்று.

திரும்பும் வழியில் வேன் விக்கிரவாண்டி தாண்டியதும், மூத்த பேச்சாளர் என் பக்கம் திரும்பினார். "ஒருத்தன் பொய்யின்னு சொல்லிட்டா எல்லாரையும் கேப்பாங்களே தம்பி. எங்க அம்மாவோட நெலமைய யோசிச்சியா?" என்றார். அவர் உண்மையிலேயே வருந்தினார். நடுவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, தொண்டையைக் கொஞ்ச நாள் ஓய்வில் வைக்கும்படி அறிவுரை சொன்னார். அடுத்த மாத நிகழ்ச்சிகளின் துண்டறிக்கையில் என் படம் இல்லை. நான் இருந்த இடத்தில், ஒரு விரிவுரையாளர் கைகட்டிச் சிரிக்கிறார். அவர் உச்சரிப்பு சுமார்தான்.

அந்த வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. பெரியப்பா அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கம் சொன்னார். குரல் எனக்கும் கேட்டது. "கூட வர்றேன்னு சொன்ன நாலு பேரும் பின்வாங்கிட்டாங்க சம்பந்தி. போயி உக்காந்து பேசினா உங்க புள்ள அதயும் மைக்குல சொல்லிடும்ன்றாங்க. ஊர்த் திருவிழாவுல நம்ப பேரு வரணுமான்னு கேக்கறாங்க. நான் இன்னா பண்றது?" வாழ்க்கையில் என் பேச்சு ஒருவரைத் தீய வழியிலிருந்து திருப்பியது என்று நிறுவக்கூடிய சான்று இது ஒன்றுதான், அதுவும் திருத்தியதாகாது, பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா தனியாக வந்தார். கையில் ஆப்பிள் பை. நான் "வாங்க மாமா" என்று தொடங்கியதும் அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீ வெளியில போயி நில்லு."

"நான் சும்மாதான் இருப்பேன்க்கா."

"உன்னால இருக்க முடியாது. போடா."

அம்மாவையும் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு, இருவரும் கூடத்தில் எதிரெதிரே அமர்ந்தார்கள். நான் தெருவில், எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் நின்றேன். நேரம் குறிக்க மணி இல்லை; இடையில் கைத்தட்டவும் ஆள் இல்லை. முக்கால் மணி நேரம் போயிருக்கும். உள்ளே என்ன வாதம், யார் எந்த அணி என்று என் காதுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. என் வாழ்நாளில் நான் இருக்கும் தெருவில் நடந்து, நான் பேசாத முதல் விவாதம் அது.

மாமா வெளியே வந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார். தனியாகத்தான் நடந்தார்.

உள்ளே அம்மா அழுகைக்கும் கேள்விக்கும் நடுவில் நின்றிருந்தார். "இன்னாடி சொன்னாரு?"

"அடிச்சது தப்புன்னு சொன்னாரும்மா. நல்லபடியாத்தான் சொன்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். 'உன் தம்பி பேசினதாலதான் கை நீண்டுடுச்சு'ன்னாரு." அக்கா ஆப்பிளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்ப தம்பியத்தானே அடிச்சிருக்கணும், திண்டிவனத்துலதானே இருக்கான், நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்குதேன்னு கேட்டேன். பதிலக் காணோம். பதில் கெடைக்கட்டும், அதுக்கு அப்புறம் பேசிக்கலாம்னு அனுப்பிட்டேன்."

"போறதில்லியா அப்ப?"

"இப்ப போறதில்லம்மா."

அம்மா என்னைப் பார்த்தார், நானாவது எடுத்துச் சொல்லக்கூடாதா என்று. எனக்கு எடுத்துச் சொல்ல ஆயிரம் இருந்தது. அக்கா ஓர் ஆப்பிளை நான்காக நறுக்கி, ஒரு துண்டை என் வாயருகே நீட்டினாள். நான் வாங்கி மென்றேன். மறுநாள் அவளுக்குக் காலை ஏழு மணிக்குக் கடை.